வௌவால் கதை சொல்கிறவர்களுக்கு

அன்புள்ள ராக் இசைத் தோழர்களுக்கு,

ஓஸி ஆஸ்போர்ன் என்று யாராவது வாயெடுத்தால் போதும், உங்களில் ஒருவர் உடனே வௌவாலைக் கொண்டுவந்துவிடுவீர்கள். 2025 ஜூலை 22 அன்று அவர் 76 வயதில் இறந்தபோதும் அதுதான் நடந்தது. அன்று பத்திரிகைகளும் உங்களோடு சேர்ந்துகொண்டன. ‘பிளாக் சப்பாத்’ குழுவின் குரல், ஹெவி மெட்டல் என்றொரு இசை வகை உருவாகக் காரணமான நால்வரில் ஒருவர் என்று சொல்லி முடிப்பதற்குள் வௌவால் வந்து அடுத்த பத்தியில் உட்கார்ந்துகொண்டது.

கதை உங்களுக்குத் தெரியும். கூட இருந்து படிப்பவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1982 ஜனவரி 20, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி மாய்ன் நகரம். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து மேடைக்கு ஒரு வௌவால் வந்து விழுகிறது. ரப்பர் பொம்மை என்று நினைத்த ஓஸி எடுத்துத் தலையைக் கடிக்கிறார். ரப்பர் அல்ல என்று பல்லுக்குத் தெரிந்தபோது தாமதமாகிவிட்டது. மேடையிலிருந்து நேரே மருத்துவமனை, வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசிகள்.

அதற்கு முந்தைய வருடம் புறா. லாஸ் ஏஞ்சலஸில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கூடிய அறையில், சமாதானச் சின்னமாகப் பறக்கவிடக் கொண்டுபோன வெள்ளைப் புறாவின் தலையைக் கடித்துவிட்டார். வௌவாலுக்கு அடுத்த மாதம் டெக்ஸஸில் பெண்கள் போடும் கவுனை மாட்டிக்கொண்டு, போர் வீரர்களின் நினைவுச் சின்னத்தின் மேல் சிறுநீர் கழித்தார். பிறகு ‘மாட்லி க்ரூ’ குழுவோடு டூர் போனபோது தரையில் ஊர்ந்த எறும்பு வரிசையை மூக்கால் உறிஞ்சினார் என்று அந்தக் குழுக்காரர்கள் சொல்கிறார்கள். ஓஸிக்கு அது ஞாபகமில்லை.

இவற்றை நீங்கள் நன்றாகவே சொல்கிறீர்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் கைவந்திருக்கிறது. சொல்லாதீர்கள் என்று கேட்க நான் இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கதையிலும் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரை வெட்டிவிட்டுத்தான் படத்தைக் காட்டுகிறீர்கள். அந்த ஆளைத் திரும்பச் சேர்த்தால் கதை என்னவாகிறது என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

டெக்ஸஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982 பிப்ரவரி 19, சான் அன்டோனியோ. அந்தக் கவுன் ஷாரனுடையது. அப்போது அவர் ஓஸியின் மேனேஜர். திருமணம் பேசி முடித்திருந்த பெண். காலையிலேயே குடிக்கக் கிளம்பிவிடுகிற ஆளை ஓட்டல் அறையில் நிறுத்திவைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஓஸியின் உடுப்புகளையெல்லாம் எடுத்து ஒளித்துவைத்தார். உடுப்பு இல்லாவிட்டால் வெளியே போக மாட்டார் என்பது கணக்கு. ஓஸி அவருடைய கவுனையே எடுத்து மாட்டிக்கொண்டு போனார். அலமோ கோட்டையில் செத்தவர்களுக்காக எழுப்பிய நினைவுத் தூணருகே போலீஸ் பிடித்தது. அந்த நகரத்தில் கச்சேரி செய்யப் பத்து வருடம் தடை. 1992இல் அலமோவைப் பராமரித்த பெண்கள் அமைப்புக்குப் பத்தாயிரம் டாலர் நன்கொடை கொடுத்த பிறகுதான் தடை நீங்கியது.

நீங்கள் சொல்லும்போது கவுன்தான் சிரிப்பு. ஆனால் அந்தக் கவுனுக்குப் பின்னால் இருப்பது குடிகாரர் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரிந்த ஒரு வேலை. பர்ஸை ஒளித்துவைப்பது, வண்டிச் சாவியை அரிசி டப்பாவில் போடுவது, பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்ப்பது. நம் ஊரிலும் குடித்த கலைஞர்களைப் பற்றிய துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை. சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கலைஞரின் வீட்டு வாசல் தெரியும்?

வௌவாலையும் கவுனையும் தனித்தனிப் பகிடியாகச் சொல்வதால் இன்னொன்றும் தொலைந்துபோகிறது. இரண்டையும் 1982ஆம் வருடக் காலண்டரில் ஒட்டிப் பாருங்கள். ஜனவரி 20 வௌவால். பிப்ரவரி 19 கவுன். சரியாக ஒரு மாதம் கழித்து மார்ச் 19 அன்று, ஃபுளோரிடாவில் லீஸ்பர்க் என்ற இடத்தில், ஓஸியின் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் ஏறியிருந்த சிறிய விமானம், குழுவின் பேருந்தில் இறக்கை உரசி, பக்கத்து வீட்டில் மோதி எரிந்தது. விமானத்தை ஓட்டியவர் அந்தப் பேருந்தின் ஓட்டுநர். பேருந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தலைக்கு மேலே பறந்து எழுப்பிவிடுவது அவருக்கு விளையாட்டு. அவர் ரத்தத்தில் கோகெய்ன் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. ராண்டியின் ரத்தத்தில் நிகோடினைத் தவிர எதுவும் இல்லை. அவருக்கு 25 வயது. ராக் போதும், செவ்வியல் கிட்டாரை முறையாகப் படிக்கப் போகிறேன் என்று பேசிக்கொண்டிருந்த பையன். கூட ஏறியிருந்த ஒப்பனைக்காரப் பெண்மணியும் இறந்தார். பேருந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஓஸியும் ஷாரனும் இருந்தார்கள்.

ஜூலை 4, ஹவாயில் கல்யாணம்.

ஆறு மாதத்துக்குள் இவ்வளவும். இங்கிலாந்தில் அதற்கு முன்பே ஓஸிக்கு ஒரு குடும்பம் இருந்தது. 1971இல் நடந்த முதல் திருமணம், இரண்டு பிள்ளைகள், மனைவிக்கு முன்பே இருந்து இவர் தத்தெடுத்துக்கொண்ட ஒரு மகன். அந்த வீட்டுக்கு மேடையிலிருந்து அவ்வப்போது ஒருவர் வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போனார் என்பதைத் தாண்டி நமக்கு அதிகம் தெரியாது. அந்த மனைவியிடம் மிக மோசமாக நடந்துகொண்டதாக ஓஸியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். வௌவால் கடிபட்ட வருடத்தில்தான் அந்தத் திருமணமும் ரத்தானது. உங்கள் கதையில் அந்தப் பிள்ளைகள் வருவதில்லை. வந்தால் கதை ஓடாது.

வௌவாலை எறிந்தது யார் என்பதையும் கேட்டுவிடுகிறேன். கூட்டத்தில் இருந்த 17 வயதுப் பையன். அந்த டூரில் ஓஸி மேடையிலிருந்து பச்சை மாமிசத்தையும் குடலையும் கூட்டத்தின் மேல் வீசுவது வழக்கம். கூட்டம் பதிலுக்குத் தன் பங்கைக் கொண்டுவர ஆரம்பித்தது. புறாக் கதை பத்திரிகைகளில் பரவப் பரவ, வருகிறவர்கள் இன்னும் பெரிதாக ஒன்றை எதிர்பார்த்தார்கள். குடித்து நிதானமிழந்தவரிடம் எதையாவது நீட்டி, என்ன செய்கிறான் பார்ப்போம் என்று காத்திருக்கும் தெருமுனைக் கும்பலைப் பார்த்திருப்பீர்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் ரசிகர்கள். புகழ் என்பதன் வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவருடைய கெட்ட பழக்கத்துக்கு அது சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு அதை விடுவது வேலையை விடுவதற்குச் சமம்.

குடி புகழோடு வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் வாழ்ந்த தொழிற்சாலைக் கூலிக் குடும்பத்தில் 1948இல் பிறந்தவர் ஜான் மைக்கேல் ஆஸ்போர்ன். ஆறு பிள்ளைகளில் ஒருவர். எழுத்துகள் கண்ணுக்குள் குழம்பிப்போகும் டிஸ்லெக்ஸியா. பள்ளியில் மக்கு என்ற பெயர். 15 வயதில் படிப்பு முடிந்தது. கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலை, கசாப்புக் கூடத்தில் வேலை, பிறகு திருட்டு. மாட்டிக்கொண்டபோது அபராதத்தைக் கட்ட அப்பா மறுத்துவிட்டார், புத்தி வரட்டும் என்று. வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம் இருந்தார். அதே அப்பாதான் பிறகு கடன் வாங்கிப் பையனுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தார். அது இல்லாமல் எந்தக் குழுவிலும் சேர்ந்திருக்க முடியாது என்று ஓஸி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தெருக்களில் வேலை முடிந்தால் பப், வார இறுதியில் பப், சாவு வீட்டுக்குப் பிறகும் பப். குழுவின் நான்கு பேரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். கிட்டார் வாசித்த டோனி ஐயோமிக்கு 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. அந்த வெட்டுப்பட்ட விரல்களுக்கு வலிக்காமலிருக்கத் தானே செய்த உறைகள், கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்தி வாசித்தது, எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கனத்த ஓசை. 1970 பிப்ரவரி 13 அன்று முதல் ஆல்பம். அதே வருடம் செப்டம்பரில் ‘பாரனாய்ட்’, இங்கிலாந்தில் முதலிடம். இருபதும் இருபத்திரண்டுமாக இருந்த பையன்களின் கையில் பணம் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வீடு வேண்டுமென்றால் மேனேஜருக்கு போன் செய்வார்கள், வீடு வரும். கார் வேண்டுமென்றால் கார் வரும். உண்மையில் தங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று நால்வருக்கும் தெரியாது. 1972இல் நான்காவது ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலஸில் பங்களா எடுத்துத் தங்கியபோது கோகெய்னும் அப்படியே பெட்டி பெட்டியாக வந்தது. ஆல்பத்துக்கான பட்ஜெட்டில் பாதி அதற்கே போயிற்று என்று பேஸ் வாசித்த கீஸர் பட்லர் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் உறையில் லாஸ் ஏஞ்சலஸின் மகத்தான ‘கோக்-கோலா’ நிறுவனத்துக்கு நன்றி என்று அச்சிட்டார்கள். நீங்கள் சிரிக்கும் இன்னோர் இடம். ஏழு வருடம் கழித்து, 1979இல், மற்ற மூவரும் சேர்ந்து அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். காரணம் குடியும் போதையும். சொன்னவர்களும் தெளிவாக இருந்தவர்களில்லை என்பதுதான் வேடிக்கை. மேற்கு ஹாலிவுட்டில் ஓர் ஓட்டல் அறையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பீட்சாவும் பீரும் கோகெய்னுமாகக் கிடந்தவரை, குழுவின் அப்போதைய மேனேஜர் டான் ஆர்டனின் மகள் ஷாரன் வந்து தட்டி எழுப்பினார்.

இனி நீங்கள் சொல்லாத கதை.

1989 ஆகஸ்ட் 12, 13. மாஸ்கோவில் லெனின் ஸ்டேடியத்தில் ‘மாஸ்கோ இசை அமைதி விழா’. பான் ஜோவி, ஸ்கார்ப்பியன்ஸ், மாட்லி க்ரூ, ஓஸி என்று பெரிய பெயர்கள். போதைப் பொருளுக்கு எதிரான கச்சேரி என்று அறிவிப்பு. அமைப்பாளர் டாக் மெக்கீ, போதைக் கடத்தல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போவதற்குப் பதிலாகப் போதை எதிர்ப்பு அறக்கட்டளை நடத்தும்படி நீதிமன்றத்தால் பணிக்கப்பட்டவர். அந்த மேடையில் பாடிவிட்டு ஓஸி இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

செப்டம்பர் 2 ஓஸி-ஷாரன் தம்பதியின் மூத்த மகளுக்குப் பிறந்தநாள், ஆறு வயது. அன்று இரவு, பக்கிங்ஹாம்ஷயரில் அவர்கள் வீட்டில், மூன்று பிள்ளைகளும் தூங்கிய பிறகு, ஓஸி மனைவியின் கழுத்தை நெரித்தார். ஷாரன் கையை நீட்டி அபாய மணியை அழுத்தியதால் பிழைத்தார். காலையில் ஆமர்ஷாம் காவல் நிலையத்தில் கண் விழித்தபோது, எதற்காகத் தன்னை அடைத்திருக்கிறார்கள் என்று ஓஸிக்குத் தெரியவில்லை. கொலை முயற்சி என்று காவலர் சொல்லித்தான் தெரிந்தது. யாரை என்பதும் அப்படியே. இரவு மொத்தமும் ஞாபகத்தில் இல்லை.

வழக்கை ஷாரன் தொடரவில்லை. ஓஸி மாதக்கணக்கில் மறுவாழ்வு மையத்தில் இருக்க வேண்டியிருந்தது. தன் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த இரவு வேறில்லை என்று ஷாரன் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். எந்நேரமும் பேசும் பெண்மணி. இதைப் பேசும்போது மட்டும் சொற்கள் குறைந்துவிடும்.

குடியின் வேலை, ஆளின் வேலையில்லை என்று சிலர் இந்த இடத்தில் சமாதானம் சொல்வதுண்டு. அடிமைத்தனம் ஒரு நோய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவம் அதைத்தான் சொல்கிறது, அப்படிப் பார்த்தால்தான் சிகிச்சையும் கிடைக்கும். ஆனால் கழுத்தில் இருந்த கைகள் அவருடையவை. ஞாபகமில்லை என்பது அவருக்கு மட்டும் கிடைத்த வசதி. ஷாரனுக்கு எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. வௌவாலைக் கடித்த போதையும் இதே போதைதான். அங்கே சிரித்தோம் என்பதற்காக இங்கே நகர்ந்து போய்விட முடியாது. ஓஸி அப்படி நகர்ந்து போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கை நூலில் அந்த இரவையும் எழுதினார். நீங்களும் அந்த நூலைப் படித்திருப்பீர்கள். சிரிப்பு இருக்கும் பக்கங்கள் மட்டும் உங்கள் வாயில் வருகின்றன.

1984இல் பெட்டி ஃபோர்டு மறுவாழ்வு மையத்துக்குள் நுழைந்ததும் பார் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். இது உங்களுக்குப் பிடித்த கதை. கண்ணியமாகக் குடிக்கச் சொல்லித்தருவார்கள் என்று சொல்லித்தான் ஷாரன் அவரை அங்கே அனுப்பிவைத்திருந்தார். பாருங்கள், இதிலும் ஒரு மனைவி பொய் சொல்லிப் புருஷனை மருத்துவமனைக்கு அனுப்புகிற காட்சி உள்ளே இருக்கிறது. அப்போது கடைசிக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. மாஸ்கோவுக்கு முந்தைய ஐந்து வருடங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

‘சூசைட் சொல்யூஷன்’ என்ற பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1980இல் வந்த ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’ ஆல்பத்தில் உள்ளது. 1984இல் கலிஃபோர்னியாவில் 19 வயது இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டபோது, இந்தப் பாட்டுதான் தூண்டியது என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, 1988இல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. உலகெங்கும் ரசிகர்கள் அன்று என்ன வாதம் வைத்தார்கள்? இது சாவைக் கொண்டாடும் பாட்டல்ல, குடி மெல்ல மெல்லக் கொல்லும் என்று எச்சரிக்கிற பாட்டு என்றார்கள். சரியான வாதம். 1980 பிப்ரவரியில் குடியால் இறந்த ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட்டை நினைத்துப் பாடியதாக ஓஸி சொன்னார். வரிகளை எழுதிய பேஸ் கலைஞர் பாப் டெய்ஸ்லி வேறு மாதிரி சொன்னார்: ஓஸியைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றார். ஒரு மனிதனைப் பற்றிய எச்சரிக்கையை அந்த மனிதனே மைக்கில் பாடி, லட்சக்கணக்கில் விற்று, பாடி முடித்ததும் குடிக்கப் போனார். நாமும் நீதிமன்றத்துக்காக அந்த அர்த்தத்தை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப மடித்து வைத்துவிட்டோம்.

2002 மார்ச்சில் எம்டிவியில் ‘தி ஆஸ்போர்ன்ஸ்’ தொடங்கியது. பெவர்லி ஹில்ஸ் வீட்டுக்குள் கேமராக்களை வைத்து ஒரு ராக் பாடகரின் குடும்பத்தைக் காட்டிய நிகழ்ச்சி. அந்த வருடமே எம்மி விருது வாங்கியது. டிவி ரிமோட்டோடு மல்லுக்கட்டும் அப்பா, நாய்களைத் துரத்தும் அப்பா, என்ன சொல்கிறார் என்றே புரியாதபடி வாய்க்குள் முனகும் அப்பா. இருட்டின் இளவரசன் என்று பட்டம் சூட்டிய ஆள் குப்பைப் பையோடு திண்டாடுவதைப் பார்க்க உலகமே உட்கார்ந்தது. அது எனக்கும் பிடித்த நிகழ்ச்சிதான். அதில் அன்பு இருந்தது, பொய்யில்லை. மூத்த மகள் மட்டும் கேமரா முன்னால் வர மறுத்துவிட்டார். அந்த வயதில் அவருக்கு எங்கிருந்து அவ்வளவு தெளிவு வந்தது என்று ஆச்சரியப்படுவேன்.

அந்த முனகலுக்கும் கை நடுக்கத்துக்கும் பின்னால் என்ன இருந்தது? படப்பிடிப்புக் காலம் முழுக்கப் போதையில்தான் இருந்தேன் என்று ஓஸி பின்னர் சொன்னார். 2003இல், ஒரு மருத்துவர் தனக்கு அளவுக்கு மீறி மருந்துகளை எழுதிக் கொடுத்ததாகப் புகார் சொன்னார். நடுக்கத்தில் ஒரு பங்கு பரம்பரையாக வந்த நரம்புக் கோளாறு. 2020 ஜனவரியில் பார்க்கின்சன் நோய் என்று வெளிப்படையாக அறிவித்தார். 2002 ஜூலையில் ஷாரனுக்குப் பெருங்குடல் புற்றுநோய், படப்பிடிப்பு நிற்கவில்லை. 2003இல் மகன் ஜாக் 17 வயதில் வலி மாத்திரைப் பழக்கத்துக்காக மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அடுத்த வருடம் மகள் கெல்லி. அவர்களுக்கு நடந்தவை எல்லாம் அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தவை. நாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டின் அடுத்த அறையில்.

ஜாக் சேர்ந்தபோது நடந்த ஒரு பேச்சை ஓஸி தன் நூலில் சொல்கிறார். உனக்கு என்ன குறை வைத்தேன், எதைக் கொடுக்கவில்லை என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அப்பா என்று ஒருவர் கிடைக்கவில்லை என்ற அர்த்தத்தில் மகன் பதில் சொல்லியிருக்கிறார். வறுமையில் வளர்ந்த எந்த அப்பாவும் கேட்கிற கேள்விதான் அது, ஆஸ்டனிலிருந்து பெவர்லி ஹில்ஸ்வரை கூடவே வந்த கேள்வி. ஜாக் அதன் பிறகு குடிக்கவில்லை. 2011இல் தந்தையைப் பற்றிய ஆவணப்படத்தைத் தயாரித்தார். முதல் திருமணத்துப் பிள்ளைகளையும் அதில் பேசவைத்தார். வௌவாலும் அதில் உண்டு, ஏமாற்றமடைய மாட்டீர்கள்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அவர் குடும்பமே அதை விற்றது, நமக்கு என்ன வந்தது? உண்மைதான். 2019இல் வௌவால் கடியின் 37ஆம் ஆண்டு நிறைவுக்குத் தலையைத் தனியே கழற்றக்கூடிய பஞ்சு வௌவால் பொம்மையை ஓஸியின் கடையே விற்றது. வந்த வேகத்தில் தீர்ந்தும் போனது. ஷாரன் கெட்டிக்காரி. புருஷன் குடித்துவிட்டுச் செய்த ஒவ்வொரு கூத்தையும் டிக்கெட்டாகவும் டி-சர்ட்டாகவும் மாற்றி, அந்தப் பணத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் மறுவாழ்வு மையங்களின் கட்டணத்தையும் பார்த்துக்கொண்டார். அடியை வாங்கியவர் அதை விற்கலாம். நாம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இன்னொரு பிடித்தமான கதை, அவருடைய மரபணு. 2010இல் ஒரு நிறுவனம் அவருடைய மரபணுத் தொகுதியை முழுவதும் வரிசைப்படுத்தியது. இவ்வளவு குடித்தும் எப்படி உயிரோடு இருக்கிறார் என்பதற்கு விடை கிடைக்குமா என்பது ஆர்வம். மதுவை உடல் கையாள்வதோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் வழக்கத்துக்கு மாறான அமைப்பு கண்டார்கள். அன்றிலிருந்து நீங்கள் அவரைச் சாகாவரம் பெற்ற பிறவி என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். அதே தலைமுறையில் அந்த வரம் கிடைக்காதவர்களையும் எண்ணிப் பாருங்கள். பான் ஸ்காட், 33 வயது, 1980 பிப்ரவரி, லண்டனில் நிறுத்தியிருந்த காருக்குள். லெட் ஸெப்பலினின் ஜான் பானம், 32 வயது, அதே வருடம் செப்டம்பர், நாள் முழுக்க வோட்கா குடித்துவிட்டுத் தூக்கத்தில். தின் லிஸியின் ஃபில் லைநாட், 36 வயது, 1986 ஜனவரி. செத்தவர்களைப் பற்றி நாம் கவிதை எழுதுகிறோம், தப்பித்தவரைப் பற்றிப் பகிடி சொல்கிறோம். இரண்டிலும் பிள்ளைகளுக்கு இடமில்லை. பானம் இறந்தபோது அவர் மகன் ஜேசனுக்கு 14 வயது.

2013ஐ யாரும் கதையாகச் சொல்லிக் கேட்டதில்லை. ‘பிளாக் சப்பாத்’தில் ஓஸி மீண்டும் சேர்ந்து பாடிய ‘13’ என்ற ஆல்பம் ஜூனில் வெளிவந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். இங்கிலாந்தில் ‘பாரனாய்ட்’டுக்கு 43 வருடம் கழித்துக் குழுவுக்குக் கிடைத்த முதலிடம். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஏப்ரலில் ஓஸி ஓர் அறிக்கை விட்டிருந்தார். ஒன்றரை வருடமாக மறுபடி குடியிலும் போதையிலும் விழுந்துகிடந்தேன், நான் நேசிக்கும் ஆட்களிடம் கேவலமாக நடந்துகொண்டேன், இப்போது 44 நாளாகத் தெளிவாக இருக்கிறேன் என்று. 64 வயது மனிதர் நாள் கணக்கு எண்ணுகிறார். வாழ்க்கையின் பெரிய வெற்றிகளில் ஒன்று வாசலில் நிற்கும்போது அவர் எண்ணியது அதைத்தான். குடியை விட்டவர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் கனம் தெரியும். ஆனால் இதில் விலங்கு எதுவும் சாகவில்லை, போலீஸ் வரவில்லை. மேசையில் யாரும் இதை எடுத்து வைப்பதில்லை.

2016இல் இன்னொரு பெண்ணுடனான உறவு வெளியே வந்து ஷாரன் பிரிந்துபோனதும், அதே வருடம் திரும்பிச் சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில், வளர்ந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், நடக்க முடியாத ஓஸி ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகளுக்கான அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்கும் நிதி திரட்டும் கச்சேரி. இருபது வருடங்களுக்குப் பிறகு பழைய நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். 17 நாட்களில் ஓஸி போய்விட்டார்.

அன்று டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்டு, 77 வயது. ஒரு காலத்தில் ஓஸிக்குச் சமமாகக் குடித்தவர். 1980இல் டூரின் நடுவிலேயே குழுவை விட்டுக் கிளம்பிப்போகும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. எண்பதுகளின் நடுவில் குடியை விட்டார். இதய நோய் வந்தது, ஒப்பந்தச் சண்டைகள் வந்தன, ‘13’ ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. குடிக்காமலே நாற்பது வருடத்தைக் கழித்துவிட்டு அன்று வில்லா பார்க்கில் நான்கு பாட்டு வாசித்தார். அந்த நாற்பது வருடத்திலிருந்து அவரைப் பற்றி உங்களிடம் ஏதாவது கதை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசையில் உட்காரும் ஒருவன்